துப்புக்கூலி: திருடுபோன மாட்டை மீட்டதே குற்றமான கதை

2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 303ஆம் பிரிவு பலரைக் குழப்பியிருக்கிறது. திருடுபோன பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவு, திருடியவர் முதல்முறையாகத் தண்டிக்கப்படுகிறார், பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டார் என்றால் அவருக்குச் சமூக சேவைதான் தண்டனை. ‘எடுத்ததைக் கொடுத்துவிட்டால் விட்டுவிடுவதா?’ என்று ஒரு தரப்பு கேட்கிறது. ‘சில்லறைத் திருட்டுக்கு எதற்குச் சிறை?’ என்று இன்னொரு தரப்பு.

இதற்கு முன்பிருந்த இந்திய தண்டனைச் சட்டம் இந்தக் கேள்விக்கு நேர் எதிரான பதிலை வைத்திருந்தது. பொருள் திரும்பிவிட்டால் திருடனுக்கு மன்னிப்பு கிடையாது என்பதோடு அது நிற்கவில்லை. தன் பொருளைத் திரும்ப வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொண்ட சொந்தக்காரரையே சிறைக்கு அனுப்பவும் அதில் இடமிருந்தது. அந்தச் சட்டம் வந்து இறங்கிய 19ஆம் நூற்றாண்டுச் சென்னை மாகாணத்தின் தென் மாவட்டங்களில், திருடுபோன மாட்டைத் துப்புக்கூலி என்ற பணம் கொடுத்து மீட்பது ஊரறிந்த வழக்கம். அந்த வழக்கமும் இந்தச் சட்டமும் மோதியதில் என்ன நடந்தது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

சட்டம் எதைத் திருட்டு என்றது?

1860இல் இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டம் 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 378ஆம் பிரிவின்படி ஒரு செயல் திருட்டாக வேண்டுமானால் ஐந்து கூறுகள் சேர வேண்டும்.

1. நேர்மையற்ற நோக்கம் இருக்க வேண்டும். அதாவது முறையற்ற ஆதாயம் பெறவோ பிறருக்கு முறையற்ற நட்டம் விளைவிக்கவோ எண்ணியிருக்க வேண்டும்.
2. பொருள் அசையும் சொத்தாக இருக்க வேண்டும். நிலத்தில் நிற்கும் மரத்தைத் திருட முடியாது. வெட்டி, மண்ணிலிருந்து பிரித்த நொடியில் அது திருடக்கூடிய பொருளாகிவிடும்.
3. பொருள் இன்னொருவர் வசம் இருக்க வேண்டும்.
4. அவருடைய சம்மதம் இருக்கக் கூடாது.
5. எடுப்பதற்காகப் பொருளைக் கொஞ்சமாவது நகர்த்தியிருக்க வேண்டும். ஓர் அங்குலம் நகர்ந்தாலும் போதும்.

மூன்றாவது கூறில் ‘உடைமை’ என்ற சொல் இல்லை, ‘வசம்’ என்றுதான் இருக்கிறது. சட்டமே இதற்கு ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறது. தன் கடிகாரத்தை அடகு வைத்தவர், கடனை அடைக்காமல் அதை நேர்மையற்ற முறையில் எடுத்துக்கொண்டு வந்தால் அவர் திருடர். பொருள் அவருடையதுதான், வசம் மட்டும் வேறொருவருடையது. மாட்டையும் பாத்திரத்தையும் கடனுக்கு ஈடாகக் கொடுத்துப் பழகிய ஊர்களில் இந்த நுணுக்கம் வெறும் ஏட்டு விஷயமாக இருந்திருக்காது.

இந்த ஐந்தில் எதிலும் பொருளின் மதிப்பு வரவில்லை. இது தற்செயலாக விடுபட்டதும் இல்லை.

மதிப்பு ஏன் காணாமல் போனது?

இங்கிலாந்தின் பழைய சட்டத்தில் 12 பென்ஸ் என்ற கோடு ஒன்று இருந்தது. அதற்கு மேல் போனால் பெருந்திருட்டு, ஏட்டளவிலாவது மரண தண்டனைக்கு உரியது. அந்த மதிப்பைத் தாண்டாவிட்டால் சிறு திருட்டு. ஆளைத் தூக்குமேடையிலிருந்து காப்பாற்றுவதற்காக, நல்ல விலையுள்ள பொருளையும் ஜூரிகள் வேண்டுமென்றே சில பென்ஸ் என்று மதிப்பிடுவது வழக்கமாயிற்று. 1827இல் அந்தப் பாகுபாடே நீக்கப்பட்டது.

சென்னை மாகாணத்தின் உள்மாவட்டங்களில் 1862 வரை கம்பெனி திருத்தித் திருத்திப் பயன்படுத்திவந்த இஸ்லாமியக் குற்றவியல் சட்டத்திலும் இப்படி ஒரு கோடு உண்டு. ஹனஃபி என்ற இஸ்லாமியச் சட்ட மரபில் 10 திர்ஹம் மதிப்புக்குக் குறைந்த பொருளைத் திருடினால் மிகக் கடுமையான தண்டனை பொருந்தாது.

ஆக, கோடு போடும் மரபு இரண்டு பக்கமும் இருந்தது. 1837இல் மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம் தயாரித்த வரைவு இரண்டையுமே ஒதுக்கியது. அந்த வரைவின் குறிப்புகளில் இதற்கான விளக்கம் இருக்கிறது: பிறருடைய மையில் பேனாவைத் தோய்ப்பதுகூட எங்கள் வரையறைப்படி திருட்டுதான், அப்படிப்பட்ட அற்பங்களைத் தனிப் பிரிவொன்று கவனித்துக்கொள்ளும். 1860 சட்டத்தில் அந்தப் பிரிவுதான் 95. சாதாரண அறிவுள்ள எவரும் புகார் சொல்லாத அளவு சிறிய தீங்கு குற்றமாகாது என்பது அதன் சாரம்.

கோட்டைச் சட்டத்திலிருந்து எடுத்து, நீதிபதியின் மனத்துக்குள் வைத்தாயிற்று. ஒரு மரக்கால் கம்பு அற்பமா இல்லையா என்பதைப் பசியோடு எடுத்தவரும் தீர்மானிக்க முடியாது, பறிகொடுத்தவரும் முடியாது. பெரும்பாலும் தாசில்தார் வேலையையும் சேர்த்துப் பார்த்த சப் மாஜிஸ்திரேட்டுதான் தீர்மானிப்பார்.

காவலும் துப்புக்கூலியும்

இனி ஊர்ப் பக்கம் வருவோம். மதுரை, திருநெல்வேலிச் சீமைகளில் பாளையக்காரர் காலத்துக் காவல் இரண்டு அடுக்காக இருந்தது. ஊரின் வீடு, களம், தொழுவம், விளைந்த பயிர் இவற்றைப் பார்த்துக்கொள்வது தலக்காவல். பல ஊர்கள் சேர்ந்த வட்டாரத்துக்கும் அதன் வழித்தடங்களுக்கும் பொறுப்பேற்பது தேசகாவல். காவல்காரருக்கு விளைச்சலில் ஒரு பங்கு உண்டு. அதற்கு ஈடாக அவர் ஏற்ற கடமை வெறும் ரோந்து மட்டுமில்லை. எல்லைக்குள் பொருள் களவு போனால் அதைக் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டும், முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். இன்றைய சொல்லில் சொன்னால் காவல்கூலி பாதி சம்பளம், பாதி காப்பீட்டுத் தவணை.

இந்த ஏற்பாட்டில் திருட்டு என்பது ஏறக்குறைய ஒரு கடன்போல நடத்தப்பட்டது. மாடு எங்கே, மாட்டுக்கு ஈடு எங்கே என்பதுதான் முதல் கேள்வி. எடுத்தவன் யார் என்பது அதற்கு அடுத்தது, சில நேரம் கேட்கப்படாமலே போகும்.

1801இல் பாளையக்காரர் போர் முடிந்ததும் தேசகாவல் உரிமையைக் கம்பெனி பறித்துக்கொண்டது. 1816ஆம் ஆண்டின் 11ஆம் ஒழுங்குமுறை காவல் பொறுப்பை மாவட்ட அளவில் கலெக்டர்-மாஜிஸ்திரேட்டிடமும் ஊர் அளவில் கிராமத் தலைவர், தலையாரியிடமும் ஒப்படைத்தது. வசவு, கைகலப்பு போன்ற சின்ன வழக்குகளில் கிராமத் தலைவர் 12 மணி நேரம் வரை அடைத்துவைக்கலாம். குற்றவாளி ‘தாழ்ந்த சாதி’ என்றால் 6 மணி நேரம் வரை தொழுமரத்தில், அதாவது கால்களைப் பூட்டிவைக்கும் கட்டையில், மாட்டலாம். 1821இல் சில்லறைத் திருட்டும் அவருடைய அதிகாரத்துக்குள் வந்தது. ஒரே குற்றத்துக்குச் சாதி பார்த்துத் தண்டனை என்பதைக் கம்பெனி அரசு தன் கைப்படவே எழுதிவைத்திருந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ளலாம். ‘சட்டத்தின் முன் அனைவரும் சமம்’ என்பதை வெள்ளைக்காரர் கொண்டுவந்தார் என்று பேசுகிறவர்கள் இந்த ஒழுங்குமுறையைப் புரட்டிப் பார்ப்பதில்லை.

காவல் உரிமை ஏட்டில் போனாலும் ஊரில் போகவில்லை. தனிப்பட்ட ஏற்பாடாக அது நூற்றாண்டு முழுக்கத் தொடர்ந்தது. அதன் இன்னொரு முகம்தான் துப்புக்கூலி. அது நடந்த விதம் இப்படி:

1. உழவுமாடு இரவில் அவிழ்க்கப்படும். கைமாறிக் கைமாறி விடிவதற்குள் வெகுதூரம் போய்விடும்.
2. மாட்டுக்காரர் ஸ்டேஷனுக்குப் போவதற்குப் பதிலாக இதில் பழக்கமுள்ள ஓர் இடைத்தரகரிடம் போவார். தரகர் தனக்கு ஒன்றும் தெரியாது, விசாரித்துப் பார்க்கிறேன் என்பார்.
3. பேரம் நடக்கும். மாட்டின் விலையில் பாதி வரைக்கும் கேட்கப்படுவதுண்டு.
4. பணம் கைமாறியதும், குறித்த நாளில் குறித்த இடத்தில், ஆள் நடமாட்டமில்லாத ஒரு மரத்தடியில் மாடு கட்டிக் கிடக்கும்.
5. யாரும் யாருடைய பெயரையும் சொல்வதில்லை. கேட்டால், வழிதவறிப் போன மாடு திரும்பி வந்துவிட்டது.

தன் மாட்டுக்குத் தானே பாதி விலை கொடுப்பது அநியாயம்தான். ஆனால் சம்சாரியின், அதாவது உழவரின், கணக்கைப் பாருங்கள். மழை பெய்து ஈரம் காய்வதற்குள் உழுதாக வேண்டும். மாடு இல்லாத பத்து நாள் ஒரு போகத்தையே தின்றுவிடும். பாதி விலை போனால் பாதியாவது மிஞ்சும்.

தொழிலாகப் பார்த்தாலும் மாடு திருடுவதற்குத் தோதான சொத்து. சுமக்க வேண்டியதில்லை, தானே நடக்கும். கொம்பைச் சீவி, போட்ட சூட்டின் மேல் இன்னொரு சூடு போட்டுவிட்டால் தூரத்துச் சந்தையில் அடையாளம் சொல்வது கடினம். நகை என்றால் உருக்கிவிட்டால் தீர்ந்தது. ஆகவே நகைத் திருட்டில் துப்புக்கூலிக்குப் பெரிதாக வேலையில்லை.

இந்த ஏற்பாட்டைப் பொற்காலமாக வர்ணிக்க வேண்டிய அவசியமில்லை. காவல்கூலி கொடுக்க மறுத்தவருடைய மாடுதான் முதலில் காணாமல் போகும் என்பது ஊருக்குத் தெரியும். வேலியே பயிரை மேய்ந்த இடங்கள் நிறைய. அச்சமும் சாதிப் பலமும்தான் அந்த ஏற்பாட்டைத் தாங்கி நின்றன. மாடும் நிலமும் இல்லாதவருக்கு அதில் எந்தப் பாதுகாப்பும் கிடையாது. ஆனாலும் பறிகொடுத்தவர் பக்கமிருந்து ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: மாடு வீட்டுக்கு வந்தது.

213, 214, 215: வலை யாரைப் பிடித்தது?

1860 சட்டம் இந்த முழு ஏற்பாட்டையும் மூன்று பிரிவுகளால் சூழ்ந்துகொண்டது.

முதலில் 215. திருடுபோன பொருளை மீட்டுத் தருகிறேன் என்று பணமோ அன்பளிப்போ வாங்குபவர், திருடனைப் பிடித்துத் தண்டனை வாங்கித்தரத் தன்னால் ஆன எல்லாவற்றையும் செய்திருக்க வேண்டும். செய்யாவிட்டால் 2 ஆண்டு வரை சிறை. துப்புக்கூலித் தரகரைப் பார்த்தே எழுதியதுபோல இருக்கிறது இல்லையா? ஆனால் இந்தக் கருத்தின் பிறப்பிடம் மதுரையில்லை, லண்டன். அங்கே ஜொனாதன் வைல்டு என்பவர் திருடர்களை வைத்துத் திருடவைத்து, அதே பொருளைச் சொந்தக்காரருக்குக் ‘கண்டுபிடித்து’க் கொடுத்துப் பணம் பார்த்தார். அந்தத் தொழிலைக் குறிவைத்து நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அதன் கீழேயே, களவுபோன சரிகைப் பின்னல் துணியை மீட்டுக் கொடுத்துக் காசு வாங்கியதற்காக, 1725இல் அவர் தூக்கிலிடப்பட்டார். அந்தச் சட்டத்தின் சாயல் 215இல் அப்படியே தெரிகிறது. லண்டனின் துப்புக்கூலிக்காக உருவான கருத்து வைகைக் கரையில் வந்து பொருந்திக்கொண்டது.

இதுவரை நியாயம்தான். சிக்கல் 213இல் இருக்கிறது. குற்றத்தை மறைப்பதற்கோ குற்றவாளியைத் தண்டனையிலிருந்து காப்பதற்கோ கைம்மாறாக அன்பளிப்பு வாங்குவது இந்தப் பிரிவின்படி குற்றம். அதோடு ‘தனக்கோ பிறருக்கோ சொத்தைத் திரும்பப் பெறுவதும்’ என்று பிரிவு தொடர்கிறது. அதாவது, மாட்டைக் கொடு, நான் புகார் கொடுக்கவில்லை என்று பேசி முடித்து, தன் மாட்டைத் தானே ஓட்டிக்கொண்டு வந்த சம்சாரி குற்றவாளி. மறைத்த குற்றத்துக்கு உரிய அதிகபட்ச சிறையில் நான்கில் ஒரு பங்கு இவருக்குத் தண்டனை. சாதாரணத் திருட்டுக்கு 3 ஆண்டு என்பதால் இவருக்கு 9 மாதம் வரை. கட்டடத்துக்குள்ளிருந்து களவு போயிருந்தால் திருடனுக்கு 380ஆம் பிரிவின்படி 7 ஆண்டு, மறைத்தவருக்கு 21 மாதம் வரை. அப்படிப் பொருளைத் திருப்பிக் கொடுக்க முன்வருவதை 214 குற்றமாக்கியது.

சமரசம் செய்துகொள்ளத்தக்க குற்றங்களுக்கு இவை பொருந்தாது என்று ஒரு விலக்கு உண்டு. ஆனால் 19ஆம் நூற்றாண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அந்தப் பட்டியலில் திருட்டு இல்லை. வசவையும் சிறு காயத்தையும் இருதரப்பும் பேசி முடித்துக்கொள்ளலாம், திருட்டை முடியாது. காரணம், திருட்டு இனி மாட்டுக்காரருக்கும் மாடு பிடித்தவனுக்கும் இடையிலான விவகாரம் இல்லை. அது அரசிக்கு எதிரான குற்றம். வழக்கை நடத்துவதும் விடுவதும் அரசின் உரிமை. மாட்டுக்காரர் வெறும் சாட்சி.

இதற்குப் பின்னால் இருந்த தர்க்கத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொருவரும் தன் பொருளை மட்டும் மீட்டுக்கொண்டு ஒதுங்கினால் திருடன் அடுத்த வீட்டுக்குப் போவான். தனி நன்மை பொதுத் தீமையாகும். ஏட்டில் இது வலுவான வாதம். ஆனால் அது நிற்க வேண்டுமானால் புகார் கொடுத்தவருக்கு அரசு பொருளை மீட்டுத் தர முடிந்திருக்க வேண்டும். அங்கேதான் இடித்தது.

சாட்சிப் பொருளாகிவிட்ட மாடு

சென்னை மாகாணத்தின் புதிய போலீஸ் 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டத்தால் உருவானது. அதற்கு உடனடிப் பின்னணி 1855இல் வெளிவந்த சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை. வரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் கீழ்நிலை ஊழியர்கள் கிட்டி போடுவதும் அண்ணாந்தாள் பூட்டுவதும் மாகாணம் முழுக்க நடந்ததை அந்த அறிக்கை பதிவு செய்தது. கிட்டி என்பது விரல்களை இடுக்கி நசுக்கும் கட்டை. அண்ணாந்தாள் என்பது உடலை வளைத்துக் கட்டி அப்படியே நிறுத்திவைப்பது.

அதன் விளைவாகச் சட்டத்தில் ஒரு தடுப்பு எழுந்தது. போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது என்று 1861இன் குற்றவியல் நடைமுறைச் சட்டமும், பிறகு 1872இன் சாட்சியச் சட்டம் 25ஆம் பிரிவும் சொல்லின. ஆனால் 27ஆம் பிரிவு ஒரு சன்னலைத் திறந்து வைத்தது. காவலில் இருப்பவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பகுதி மட்டும் செல்லும். இதோடு 114ஆம் பிரிவின் முதல் எடுத்துக்காட்டையும் சேர்த்துப் படியுங்கள்: திருட்டு நடந்த கொஞ்ச காலத்துக்குள் அந்தப் பொருள் யாரிடம் இருக்கிறதோ, அவர் கணக்குச் சொல்ல முடியாவிட்டால், அவரே திருடர் அல்லது தெரிந்தே வாங்கியவர் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம்.

இந்த இரண்டும் சேர்ந்ததும் திருட்டு வழக்கின் உயிர் பொருளில் போய் உட்கார்ந்துகொண்டது. பொருளை ‘எடுத்துக் காட்டினால்’ வழக்கு நிற்கும், இல்லாவிட்டால் விழும். விளைவுகள் பல திசையில் போயின.

ஆளை அடித்து வாக்குமூலம் வாங்கும் தூண்டுதல் குறைய வேண்டும் என்று போட்ட தடுப்பு, ஆளை அடித்துப் பொருள் இருக்கும் இடத்தைச் சொல்லவைக்கும் தூண்டுதலாக மாறியது. பொருளைப் போலீசே கொண்டுபோய் வைத்துவிட்டு ‘மீட்டார்கள்’ என்ற குற்றச்சாட்டு இன்றுவரை நீதிமன்றங்களில் எழுகிறது. அதற்கு விதை இங்கே இருக்கிறது.

மாட்டுக்காரருக்கோ மீட்கப்பட்ட மாடு உடனே மாடாகத் திரும்புவதில்லை. அது இப்போது சான்றுப் பொருள். சொத்தை யாரிடம் ஒப்படைப்பது என்று உத்தரவிடும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு. இரண்டு மூன்று வாய்தாவுக்குத் தாலுகாக் கச்சேரிக்கு நடப்பது, சாட்சிகளைக் கூட்டிப் போவது, இந்த மாடு என்னுடையதுதான் என்று சுழியையும் சூட்டையும் சொல்லி நிரூபிப்பது எல்லாம் அவர் பாடு. திருடனுக்கு அபராதம் விதித்தால் அதிலிருந்து இழப்பீடு தர நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருந்தது உண்மைதான். ஆனால் மாடு திருடிப் பிழைப்பவனிடம் அபராதத்துக்குக் காசு ஏது?

திருட்டுப் பொருளை வாங்கியவர் நிலையையும் ஒரு வரியில் சொல்லலாம். 410ஆம் பிரிவின்படி களவுபோன பொருள் எத்தனை கை மாறினாலும் ‘திருட்டுச் சொத்து’தான். உரியவர் வசம் திரும்பும்போதுதான் அந்தக் கறை நீங்கும். தெரிந்து வாங்கினால் 411இல் 3 ஆண்டு. அதையே தொழிலாக வைத்திருந்தால் 413இல் ஆயுள் வரை. துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும் சந்தையில், ‘தெரிந்துதான் வாங்கினார்’ என்பதை நிரூபிப்பது எவ்வளவு சுலபம் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

இதனால் ஊர்க்காரர் எடுத்த முடிவு கணக்குப்படி சரியானது: புகார் கொடுக்காமல் துப்புக்கூலி கொடுப்பது. 213ஐக் காட்டி மாட்டுக்காரரை உள்ளே தள்ள வேண்டுமானால் அவரே வந்து ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொள்ள அவருக்கு என்ன பைத்தியமா? அந்தப் பிரிவு சாதித்தது ஒன்றுதான். அது ஊரை வாய்மூட வைத்தது. போலீஸ் பதிவேட்டில் ஏறாத திருட்டுகள் பெருகின. அந்த மௌனத்தை அதிகாரிகள் வேறு விதமாகப் படித்தார்கள். கள்ளர் என்ற காவல்காரச் சாதி முழுக்கத் திருடர்கள், சுற்றியிருப்பவர் எல்லோரும் அவர்களுக்குப் பயந்தவர்கள் என்று.

சிறு திருட்டு, நீண்ட தண்டனை

மதிப்புக்குக் கோடு இல்லாத சட்டத்தில் தண்டனையை ஏற்றி இறக்குவது மற்ற சூழ்நிலைகள்தான். அவற்றில் நான்கு முக்கியமானவை.

1. இடமும் முறையும். கன்னம் வைத்தல் தனிக் குற்றம். சுவரில் துளை போட்டு, துளை வழியே கையை மட்டும் உள்ளே விட்டாலும் வீட்டை உடைத்து நுழைந்ததாகவே கொள்ளப்படும் என்று 445ஆம் பிரிவு எடுத்துக்காட்டோடு சொல்கிறது. இரவில், திருடும் நோக்கத்தோடு என்றால் 457இன்படி 14 ஆண்டு வரை. கையில் வந்தது வெண்கலச் செம்பா வெறும் மண்சட்டியா என்பது இரண்டாம் பட்சம்.
2. பழைய தண்டனை. 75ஆம் பிரிவின்படி, 3 ஆண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய சொத்துக் குற்றத்தில் ஒருமுறை தண்டிக்கப்பட்டவர் மீண்டும் அதே வகைக் குற்றம் செய்தால் 10 ஆண்டு வரை, அல்லது ஆயுள் முழுக்க நாடுகடத்தல். சாதாரணத் திருட்டுக்கு உச்சபட்சம் சரியாக 3 ஆண்டு என்பதால் அதுவும் இந்த வலைக்குள் விழுந்தது. இரண்டாவது முறை எடுத்தது ஒரு வேட்டி என்றாலும் சட்டப்படி அந்தமான் வரை வழி இருந்தது.
3. சவுக்கடி. 1860 சட்டத்தில் இது இல்லை. நான்கே ஆண்டில், 1864இன் 6ஆம் சட்டம் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. முதல் திருட்டுக்குச் சிறைக்குப் பதிலாக, இரண்டாவதற்குச் சிறையோடு சேர்த்தும் அடிக்கலாம். சிறையில் இடமும் செலவும் மிச்சம் என்பது அரசுக்கு வசதி.
4. பழக்கம். ‘வழக்கமாகத் திருடுபவர்’, ‘வழக்கமாகத் திருட்டுப் பொருள் வாங்குபவர்’ என்று பெயர் எடுத்தவரிடம், குறிப்பிட்ட குற்றம் எதையும் நிரூபிக்காமலே, நன்னடத்தைப் பிணை கேட்கலாம். 1882 நடைமுறைச் சட்டத்தின் 110ஆம் பிரிவு இது. பிணை கொடுக்க ஆளில்லாதவர் உள்ளே போக வேண்டும். கையில் பொருள் பிடிபடாத சந்தேக நபருக்காகவே தைத்த சட்டை.

1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் இவை எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்தன. தானியத் திருட்டு பெருகியது, சிறைகள் நிரம்பி வழிந்தன. பசி ஒரு தற்காப்பாகச் சட்டத்தில் எங்கும் எழுதப்படவில்லை. 95ஆம் பிரிவு கணக்கில் எடுத்தது தீங்கின் சிறுமையை, செய்தவரின் நெருக்கடியை இல்லை.

நேற்றுவரை பிழைப்பு, இன்று குற்றம்

இதே காலத்தில் சொத்தின் எல்லையும் நகர்ந்தது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் காட்டு நிலங்களை ஒதுக்குகாடுகளாக அறிவிக்க வழி செய்தது. அங்கே விறகு பொறுக்குவதும் ஆடு மேய்ப்பதும் தேன் எடுப்பதும் அனுமதி இல்லாவிட்டால் குற்றமாயின. உப்பு 1805 முதலே அரசின் ஏகபோகம். 1889இன் உப்புச் சட்டம் பிடியை இறுக்கியது. உவர்மண்ணைக் கரைத்துக் காய்ச்சி வீட்டுக்கு உப்பு எடுத்தவர்களும், கடலோரப் பள்ளங்களில் தானாக விளைந்த உப்பை அள்ளியவர்களும் குற்றவாளிகள் ஆனார்கள். இவை ‘திருட்டு’ என்ற தலைப்பில் வராமல் தனித்தனிச் சட்டங்களின்கீழ் வந்தன. தலைப்பு எதுவானாலும், தலைச்சுமையோடு பிடிபட்டு நின்றவருக்குப் பெரிய வித்தியாசம் தெரிந்திருக்காது.

1896: ஊர் தானே போட்ட பண்டு

போலீசாலும் தீராமல், துப்புக்கூலியையும் தாங்க முடியாமல் போனபோது ஊர்கள் மூன்றாவது வழி ஒன்றைத் தேடின. 1896இல் திண்டுக்கல் பக்கம், இடையர் சமூகத்தைச் சேர்ந்த அம்மையப்பக் கோன் என்பவர் முன்னெடுக்க, ஊர்கள் கூடி ஒரு முடிவெடுத்தன. கள்ளர் காவல்காரருக்கு இனி கூலி இல்லை. ஊரே ஆள் வைத்துக் காவல் காக்கும். எல்லோரும் பணம் போட்டு ஒரு நிதி சேர்ப்பார்கள், மாடு களவு போனவருக்கு அதிலிருந்து ஈடு கொடுப்பார்கள். ஆங்கிலத்து ஃபண்டு ஊர் வாயில் பண்டு ஆகி, இயக்கத்துக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

இதன் நுட்பம் பாராட்டத்தக்கது. ஈடு என்கிற பழைய காவலின் உயிர்க்கூறை வைத்துக்கொண்டு, அச்சுறுத்தலைக் கழற்றிவிட்டார்கள். 213 இதைத் தொட முடியாது, ஏனென்றால் திருடனோடு பேரமே இல்லை. ஆனால் இயக்கம் அந்தக் கட்டத்தோடு நிற்கவில்லை. காவலைக் கைவிடச் சொன்னது, கள்ளர்களையே ஊரைவிட்டு வெளியேறச் சொல்வதாக மாறியது. வீடுகள் கொளுத்தப்பட்டன, மோதல்கள் பரவின, அரசு தலையிட வேண்டிவந்தது. காவல்கூலியையே வருமானமாக வைத்திருந்த குடும்பங்களுக்கு மாற்று என்ன என்ற கேள்வியை இயக்கமும் கேட்கவில்லை, அரசும் அப்போது கேட்கவில்லை.

அரசு கடைசியில் கொடுத்த பதில் 1911இல் வந்தது. வட இந்தியாவில் 1871 முதல் நடப்பிலிருந்த குற்றப் பழங்குடிகள் சட்டம் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. 1914இல் மதுரைக்கு அருகே கீழக்குயில்குடிக் கள்ளர்கள் அதன்கீழ் அறிவிக்கப்பட்டார்கள், பிறகு மற்ற ஊர்களுக்கும் அது பரவியது. ஊர் மக்கள் அதற்கு வைத்த பெயர் ரேகைச் சட்டம். பதிவான ஆண்கள் கைரேகை கொடுக்க வேண்டும், இரவில் குறித்த இடத்தில் ஆஜராக வேண்டும், வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். பக்கத்திலேயே புதுக்கோட்டையில் அதே கள்ளர் சமூகத்தைச் சேர்ந்த தொண்டைமான் மன்னரைச் சுதேச அரசராக ஏற்றுக்கொண்டிருந்த அதே அரசாங்கம்தான் இதைச் செய்தது.

1860 சட்டத்தில் திருட்டுக்கு ஐந்து கூறுகளை நிரூபிக்க வேண்டும், நோக்கத்திலிருந்து நகர்த்தல் வரை. இந்தச் சட்டத்தில் ஒன்றையும் நிரூபிக்க வேண்டியதில்லை. பிறப்பே போதும். மாட்டுக்காரர்கள் அரை நூற்றாண்டாகப் புகார் கொடுக்காமல் விட்ட பதிவேட்டின் வெற்றிடத்தை அரசு ஆட்களின் பெயர்களால் நிரப்பிக்கொண்டது. 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில், பதிவுக்கு வர மறுத்த மக்கள் மீது போலீஸ் சுட்டது. ஒரு பெண் உட்பட 16 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல்தான் நீக்கப்பட்டது.